கடையில் ஒரு கணினி, கை வைப்பவர் நால்வர்: பிரின்டர் யார் பேச்சைக் கேட்கும்?

தோட்டங்களை நம்பி வியாபாரம் செய்யும் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை போன்ற நகரங்களில் மாதத்தின் 10ஆம் திகதி எப்படிப்பட்ட நாள் என்பதைக் கடைக்காரர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தோட்டச் சம்பளம் கைக்கு வந்ததும் பழைய கடனைக் கட்டவும், அடுத்த மாதத்துக்குச் சாமான் எடுக்கவும் ஆட்கள் நகரத்துக்கு இறங்கி வருவார்கள். முன்பெல்லாம் கடன் கொப்பியைப் புரட்டி, கூட்டிக் கழித்துச் சொன்ன தொகையை இன்று கணினி சொல்கிறது. பெயரைத் தட்டினால் நிலுவை திரையில் வருகிறது. பிரின்ட் கொடுத்தால் கடதாசியில் வருகிறது.

எந்தப் பிரின்டரில், யார் கண்முன்னே வருகிறது என்பதுதான் பிரச்சினை.

உதாரணத்துக்கு ஒரு மொத்த, சில்லறைக் கடையை எடுத்துக்கொள்வோம். கவுன்டரில் 80 மில்லிமீற்றர் ரோல் போடும் தேர்மல் பிரின்டர் ஒன்று. மொத்தமாக வாங்குபவர்களுக்கு மூன்று பிரதி பில் அடிக்க ஒரு டொட் மெட்ரிக்ஸ். வங்கிக்கும் கம்பனிகளுக்கும் கொடுக்கும் கடதாசிகளுக்காக உள்ளறையில் ஒரு லேசர். கணினியோ ஒன்றுதான். அதில் கை வைப்பவர்கள் நால்வர்: முதலாளி, கெஷியர், கணக்கு எழுதுபவர், பள்ளிக்கூடம் விட்டு வந்து உதவும் மகன். கெஷியர் ளுஹருக்குப் போன நேரத்தில் முதலாளி உட்கார்ந்து, கடன்காரர் பட்டியலை உள்ளறை லேசருக்கு அனுப்புவதாக நினைத்துப் பிரின்ட் கொடுக்கிறார். கணினி அதைத் தேர்மலுக்கு அனுப்புகிறது. இருநூறு பேரின் பெயர், தோட்டம், நிலுவை எல்லாம் நீளமான ரோலாகக் கவுன்டரில் இறங்குகின்றன. எதிரே சாமான் வாங்க வந்தவர்கள் நிற்கிறார்கள். இன்ன தோட்டத்து இன்னாருக்கு இவ்வளவு பாக்கி என்பது அன்று மாலைக்குள் லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

தவணைக் கடனை எழுதி வைக்கச் சொல்லும் சூறா அல்பகறாவின் 282ஆவது வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். எழுதி வைப்பது கடமையென்றால், எழுதியதை ஊர் வாசிக்காமல் பார்த்துக்கொள்வதும் அந்த அமானிதத்துக்குள் அடங்கும். நாட்டின் சட்டமும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாடிக்கையாளர் விபரங்களை வைத்திருப்போரின் பொறுப்பைப் பற்றித்தான் பேசுகிறது.

இப்படி நடந்தால் பெரும்பாலும் பிரின்டரைத்தான் திட்டுவார்கள். உண்மையில் பிரின்டர் தனக்குச் சொன்னதைத்தான் செய்தது. சொன்னது யார் என்பதில்தான் குழப்பம்.

அமைப்பு ஆளோடு சேர்ந்தது

விண்டோஸ் கணினியில் பிரின்டரை இணைப்பது மெஷினுக்குச் செய்யும் வேலை. ஆனால் எந்தப் பிரின்டர் முதலில் வர வேண்டும், கடதாசி என்ன அளவு, நெடுக்கா குறுக்கா, கறுப்பா நிறமா, டோனரைச் சிக்கனமாகப் பாவிப்பதா என்பவையெல்லாம் கணினிக்குள் நுழையும் ஆளோடு சேர்த்துச் சேமிக்கப்படுகின்றன. அதாவது நான்கு பேர் நான்கு பெயரில் நுழைந்தால் நான்கு விதமான அமைப்புகள் ஒன்றையொன்று குழப்பாமல் இருக்கும். முதலாளி பெயரில் நுழைந்தால் லேசர் முன்னால் நிற்கும், கெஷியர் பெயரில் நுழைந்தால் தேர்மல் முன்னால் நிற்கும்.

இந்த வசதி கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் நம் கடைகளில் பெரும்பாலும் கணினியைப் பூட்டிக் கொடுத்தவர் வைத்துவிட்டுப் போன ஒரே பெயரில்தான் எல்லோரும் நுழைகிறார்கள். கடவுச்சொல்லும் கிடையாது, இருந்தாலும் மொனிட்டரின் ஓரத்தில் எழுதி ஒட்டியிருக்கும். நால்வரும் ஒருவராக இருந்தால் கணினி என்ன செய்யும்? கடைசியாக யார் மாற்றினாரோ அவருடைய விருப்பம்தான் எல்லோருடைய விருப்பமும்.

ஆகவே முதல் வேலை ஆளுக்கொரு நுழைவுப் பெயர். (ஆங்கிலத்தில் இதை எக்கவுன்ட் என்பார்கள். வியாபாரப் பக்கத்தில் கணக்கு என்று எழுதினால் வேறு பொருள் வந்துவிடும் என்பதால் இங்கே லொகின் என்றே சொல்கிறேன்.) விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், எக்கவுன்ட்ஸ், அதர் யூஸர்ஸ் என்று போய் எட் எக்கவுன்ட்டை அழுத்த வேண்டும். மின்னஞ்சல் முகவரி கேட்கும். அந்த ஆளின் விபரம் தன்னிடம் இல்லை என்ற வரியை அழுத்தினால், அடுத்த பக்கத்தில் மைக்ரோசொப்ட் எக்கவுன்ட் இல்லாமலே லொகின் உருவாக்க வழி கிடைக்கும். முதலாளிக்கு மட்டும் எட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம், மற்றவர்களுக்கு ஸ்டான்டர்ட். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டன. இன்னும் அதையே வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்லும் வழிகள் சிறு மாற்றத்தோடு பொருந்தும்.

ஆள் மாறும்போது கணினியை நிறுத்தித் திறக்க வேண்டியதில்லை. விண்டோஸ் பொத்தானோடு எல் எழுத்தை அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும், மற்றவர் தன் பெயரில் நுழையலாம். ஆனால் முந்தியவர் திறந்து வைத்த வேலைகள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். நினைவகம் குறைந்த பழைய கணினியென்றால் ஸைன் அவுட் செய்வதே நல்லது.

பிரின்டரின் மூன்று கதவுகள்

பிரின்டர் அமைப்பை மாற்ற மூன்று இடங்கள் உள்ளன. மூன்றும் பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். செய்யும் வேலை வேறு.

ஒரு கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பிரின்ட் கொடுக்கும் பெட்டியிலேயே மாற்றினால், அது அந்த வேலைக்கு மட்டும்தான். மிஞ்சிப் போனால் அந்த மென்பொருளை மூடும் வரை நிற்கும். "நேற்று மாற்றினேன், இன்று பழையபடி ஆகிவிட்டது" என்பவர்கள் நுழைந்தது இந்தக் கதவால்தான்.

இரண்டாவது, செட்டிங்ஸில் பிரின்டர்ஸ் அன்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்துக்குப் போய், பிரின்டரைத் தெரிவுசெய்து, பிரின்டிங் பிரிபரன்ஸஸ் என்பதைத் திறப்பது. இங்கே மாற்றுவது அப்போது நுழைந்திருக்கும் ஆளுக்கு நிரந்தரம். மற்றவர்களைத் தொடாது. கெஷியருக்குரியதைக் கெஷியரின் லொகினில் நுழைந்துதான் மாற்ற வேண்டும். முதலாளி தன் லொகினில் இருந்துகொண்டு கெஷியருக்காக மாற்ற முடியாது.

மூன்றாவது கதவைப் பலர் பார்த்ததே இல்லை. அதே பக்கத்தில் பிரின்டர் ப்ரொப்பர்டீஸைத் திறந்து, அட்வான்ஸ்ட் என்ற பகுதிக்குப் போனால், கீழே பிரின்டிங் டிபோல்ட்ஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும். எட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் உள்ளவர் இங்கே வைப்பது, இதுவரை தனக்கென்று எதையும் மாற்றாத எல்லோருக்கும், இனிமேல் புதிதாக வரப்போகும் லொகின்களுக்கும் பொருந்தும். ஆகவே கடைக்குப் பொதுவான விடயங்களை முதலில் மூன்றாவது கதவால் வைத்துவிட்டு, ஆளுக்கு ஆள் வேறுபடுபவற்றை மட்டும் இரண்டாவது கதவால் மாற்றுவதே ஒழுங்கு. தலைகீழாகச் செய்தால், பிரிபரன்ஸஸில் ஏற்கெனவே கை வைத்தவர்களுக்குப் பொதுவான மாற்றம் போய்ச் சேராது.

பொதுவாக வைக்க வேண்டியவற்றில் நம் பிரதேசத்துக்கென்றே ஒன்று உண்டு. நுவரெலியா 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. மழைக்காலத்தில் ட்ரேயில் கிடக்கும் கடதாசி ஈரத்தை உறிஞ்சி, லேசரின் சூட்டில் பட்டதும் சுருண்டு இறுகும். கடதாசிக் கட்டைப் பிரித்து மிச்சத்தைத் திறந்தபடி வைக்கக் கூடாது என்பது பழைய அறிவுரை. அதோடு, சில லேசர் பிரின்டர்களில் கடதாசிச் சுருளைக் குறைக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது. அதை முதலாளி தன் லொகினில் மட்டும் போட்டால் அவருக்குக் கடதாசி ஒழுங்காக வரும், கெஷியர் எடுத்தால் இறுகும். பிறகு "இவனுக்குப் பிரின்டர் பாவிக்கத் தெரியாது" என்று ஏச்சு. இது பிரின்டிங் டிபோல்ட்ஸில் போட வேண்டிய விடயம்.

கடதாசி அளவும் அப்படித்தான். ஏ4 கடதாசி 210க்கு 297 மில்லிமீற்றர். அமெரிக்காவில் பாவிக்கும் லெட்டர் அளவு 216க்கு 279. கடையில் ஏ4 கடதாசியை ட்ரேயில் வைத்துவிட்டு, கணினியில் லெட்டர் என்று இருந்தால், சில பிரின்டர்கள் லெட்டர் கடதாசியை வை என்று கேட்டு மஞ்சள் விளக்கை எரித்துக்கொண்டு நிற்கும். பழுது என்று சொல்லி ஆள் அழைத்துக் காசு கொடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

டொட் மெட்ரிக்ஸ் பில்

டொட் மெட்ரிக்ஸை விட்டுவிடும் காலம் வந்துவிட்டது என்று சொல்பவர்கள் மொத்த வியாபாரம் செய்யாதவர்கள். ஊசி தட்டி எழுதும் பிரின்டரால்தான் கார்பன் பிரதி எடுக்க முடியும். லேசருக்கும் தேர்மலுக்கும் அது இயலாத காரியம். (எப்சன் என்ற பெயரே ஒரு குட்டிப் பிரின்டரின் வாரிசு என்ற பொருளில் வந்தது. 1968இல் அந்தக் கம்பனி இ.பி-101 என்ற சிறு பிரின்டரைக் கொண்டுவந்தது. "இ.பி"யின் மகன் என்பதே பின்னர் எப்சன் ஆனது.)

இதில் சிக்கல், ஓரத்தில் ஓட்டையுள்ள தொடர் கடதாசியின் அளவு. 9.5 அங்குல அகலத் தாளின் முழு உயரம் 11 அங்குலம். பில்லுக்குப் பெரும்பாலும் பாதித் தாள், அதாவது 5.5 அங்குலம். இந்த அளவு பட்டியலில் இல்லாவிட்டால் ஒவ்வொரு பில்லுக்குப் பின்னும் அரைத் தாள் வெறுமையாக ஓடும். பிரின்டர்ஸ் அன்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தில் பிரின்ட் சேர்வர் ப்ரொப்பர்டீஸ் என்பதைத் திறந்தால், போர்ம்ஸ் என்ற பகுதியில் புதிய அளவைப் பெயர் வைத்துச் சேர்க்கலாம். சேர்ப்பது எட்மினிஸ்ட்ரேட்டர் செய்யும் வேலை, ஒருமுறை சேர்த்தால் எல்லா லொகினுக்கும் பட்டியலில் தெரியும். ஆனால் அதைத் தெரிவுசெய்வது அவரவர் பிரிபரன்ஸஸில்தான். பாதி வேலை மெஷினில், மீதி வேலை ஆளிடம். இதை அறியாமல் முதலாளியின் லொகினில் அழகாக வந்த பில், கெஷியரிடம் அரைத் தாள் தள்ளி வருவதைப் பார்த்துப் புது மென்பொருள் வாங்கியவர்களும் உண்டு.

பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்தவர்களுக்கு இது கடதாசி வீணாவதோடு முடியாது. 2024 ஜனவரி 1ஆம் திகதி இந்த வரி நூற்றுக்கு 18 ஆனது. அந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, பதிவுள்ள இன்னொருவருக்குக் கொடுக்கும் வரிப் பில்லில் விற்பவர், வாங்குபவர் இருவருடைய பெயர், முகவரி, பதிவிலக்கம், திகதி, தொடரிலக்கம், சாமானின் விபரம், அளவு, பெறுமதி, வரித் தொகை ஆகியவை இருக்க வேண்டும். டெக்ஸ் இன்வொய்ஸ் என்ற சொற்களும் தெளிவாகத் தெரிய வேண்டும். பில் தவறான பிரின்டருக்குப் போய், பாதி ரோலில் பாதி வெளியே என்று வந்தால், கெஷியர் என்ன செய்வார்? இன்னொரு பில் போடுவார். இப்போது ஒரே சாமானுக்கு இரண்டு தொடரிலக்கம். இல்லையென்றால் முதல் பில்லை அழிப்பார், அப்போது தொடரில் ஓர் இடைவெளி. வருடக் கடைசியில் கணக்காய்வாளர் கேட்கும்போது இரண்டுக்கும் பதில் சொல்வது முதலாளி.

தேர்மல் சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் எழுத்து சூட்டிலும் வெளிச்சத்திலும் மங்கிவிடும். வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டியதைத் தேர்மலில் எடுத்து வைப்பது தண்ணீரில் எழுதுவதற்குச் சமம்.

விண்டோஸ் காட்டும் அக்கறை

2015 நவம்பரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டோடு ஒரு புதிய வசதி சேர்ந்தது. முன்னிற்கும் பிரின்டரை விண்டோஸே நிர்வகிக்கட்டும் என்பது அது. வீட்டில் ஒரு பிரின்டர், ஒபிஸில் ஒரு பிரின்டர் என்று மடிக்கணினியோடு அலைபவருக்கு நல்லது. கடைக்கு இது தலைவலி. கடைசியாகப் பாவித்த பிரின்டரையே அது முன்னால் கொண்டுவந்து வைத்துவிடும். ஒருமுறை தேர்மலில் சீட்டு எடுத்தால் அடுத்த கடிதமும் தேர்மலுக்கே போகும். முதலாளி ஏற்கெனவே லேசரைத் தெரிவுசெய்து வைத்திருந்தாலும் இதுதான் நடக்கும்.

பிரின்டர்ஸ் அன்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தின் கீழ்ப் பகுதியில் இதற்கான பொத்தான் உள்ளது. அதை நிறுத்தினால்தான் ஒவ்வொரு பிரின்டருக்கும் செட் அஸ் டிபோல்ட் என்ற பொத்தான் வெளியே வரும். இதுவும் ஆளுக்கு ஆள் தனியான அமைப்பு. நான்கு லொகின் என்றால் நான்கு முறை நுழைந்து நான்கு முறை நிறுத்த வேண்டும். கொஞ்சம் அலுப்பான வேலைதான், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகக் கடை மூடுவதற்கு முன்னால் உள்ள அரை மணித்தியாலம் போதும்.

இன்னொரு விடயம். பிரின்டர் கணினியோடு நேரடியாகவோ வலையமைப்பு முகவரி மூலமாகவோ சேர்ந்திருந்தால் எல்லா லொகினுக்கும் தெரியும். வேறொரு கணினியில் மாட்டியுள்ள பிரின்டரைப் பகிர்ந்து எடுத்திருந்தால், அது எடுத்தவரின் லொகினில் மட்டும்தான் தெரியும். புதிய லொகின் போட்டதும் "பிரின்டரைக் காணவில்லை" என்று கெஷியர் சொன்னால் காரணம் இதுவாக இருக்கலாம். அவர் லொகினிலும் ஒருமுறை சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது எட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல்லைக் கேட்கக்கூடும். 2021 ஜூலையில் விண்டோஸின் பிரின்ட் பகுதியில் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிவந்து உலகமெங்கும் பேசப்பட்டது. அடுத்த மாதம் வந்த அப்டேட்டோடு, பிரின்டரின் இயக்கு மென்பொருளை எட்மினிஸ்ட்ரேட்டர் மட்டுமே சேர்க்கலாம் என்று கட்டுப்படுத்திவிட்டார்கள்.

ஒரு பிரின்டருக்கு இரண்டு பெயர்

ஒரே ஆளுக்கே இரண்டு விதமான அமைப்பு தேவைப்பட்டால்? கணக்கு எழுதுபவருக்கு வங்கிக் கடிதம் நல்ல கறுப்பில் வர வேண்டும். உள்ளூர்ப் பாவனைக்கான இருப்புப் பட்டியல் டோனர் சிக்கனத்தில், இரண்டு பக்கமும் அடித்து வந்தால் போதும். ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டிருந்தால் ஒருநாள் மறந்துபோகும்.

அதே லேசரை இன்னொரு முறை கணினியில் சேர்க்கலாம். எட் பிரின்டரில் கையால் சேர்க்கும் வழியைத் தெரிவுசெய்து, ஏற்கெனவே உள்ள போர்ட்டையும் ஏற்கெனவே உள்ள இயக்கு மென்பொருளையும் கொடுத்து, பெயரை மட்டும் வேறாக வைக்க வேண்டும். ஒன்றுக்கு "லேசர் கடிதம்", மற்றதற்கு "லேசர் பட்டியல்". கணினிக்கு இவை இரண்டு பிரின்டர்கள். மேசையில் இருப்பதோ ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பிரிபரன்ஸஸ் தனித்தனி. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளைத் தள்ளிப்போட்டார்கள், சில பத்திரிகைகளின் சனிக்கிழமைப் பதிப்பே நின்றது. அந்த நாட்களைக் கண்டவர்களுக்கு இரண்டு பக்கமும் அடிப்பதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

செலவைக் கருதி உபுண்டு போன்ற லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். அங்கே பிரின்ட் வேலையைப் பார்க்கும் கப்ஸ் என்ற மென்பொருள் ஒவ்வொருவரின் விருப்பத்தையும் அவருடைய சொந்தக் கோப்புறைக்குள் மறைவாக உள்ள ஒரு சிறு கோவையில் எழுதி வைக்கிறது. ஒரு பிரின்டருக்குப் பல பெயரும் அங்கே வைத்துக்கொள்ளலாம். பலர் பாவிக்கும் பெரிய கணினிகளிலிருந்து வந்த பரம்பரை என்பதால் இந்த ஒழுங்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது.

அந்தப் பரம்பரையில் ஒரு கதையும் உண்டு. 1980ஐ ஒட்டி அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுகூடத்தில் பலர் பகிர்ந்து பாவித்த ஸெரொக்ஸ் லேசர் பிரின்டர் அடிக்கடி இறுகியது. பிரின்ட் கொடுத்தவர்கள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பழைய பிரின்டரில், இறுகினால் காத்திருப்போர் எல்லோருக்கும் தகவல் போகும்படி ரிச்சர்ட் ஸ்டோல்மன் எழுதி வைத்திருந்தார். புதியதில் அப்படிச் செய்ய அதன் மென்பொருளின் மூலம் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கசப்பும் சேர்ந்து, 1983 செப்டெம்பரில் யாரும் திறந்து திருத்தக்கூடிய க்னூ மென்பொருள் திட்டத்தை அவர் அறிவித்தார். நால்வர் பகிரும் பிரின்டரால் சண்டை வருவது ஹட்டனில் மட்டுமல்ல.

யாருக்கு அனுமதி

பிரின்டர் ப்ரொப்பர்டீஸில் செக்கியூரிட்டி என்ற பகுதியில் பெயர்கள் இருக்கும். எவ்ரிவன் என்ற வரிக்கு வழமையாகவே பிரின்ட் அனுமதி கொடுக்கப்பட்டிருக்கும். மகன் நண்பர்களின் ஒப்படைகளை உள்ளறை லேசரில் எடுப்பதை நிறுத்த வேண்டுமானால், அந்த வரியை நீக்கிவிட்டு, தேவையானவர்களின் லொகினை மட்டும் சேர்க்கலாம். நீக்குவதற்கு முன் உங்கள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண அனுமதி உள்ளவர் தான் கொடுத்த வேலையை மட்டும்தான் ரத்துச் செய்யலாம், மற்றவருடையதைத் தொட முடியாது. எல்லோரும் ஒரே லொகினில் இருந்தால் இந்தப் பாதுகாப்பு எதுவும் வேலை செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும்.

கரண்ட் போய்த் திரும்பும்போது

பிரின்ட் கொடுத்த வேலை உடனே பிரின்டருக்குப் போவதில்லை. கணினி அதை முதலில் வன்தட்டில் எழுதி, வரிசையில் நிறுத்தி, பிறகுதான் அனுப்புகிறது. பிரின்டர் நின்றிருந்தாலோ கடதாசி முடிந்திருந்தாலோ வேலை வரிசையில் காத்திருக்கும். கரண்ட் போனாலும் அழியாது. கணினி மறுபடி எழும்பி, பிரின்டரும் எழும்பினால், விட்ட வேலை தானாகத் தொடரும்.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்கள் இருந்தன. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டது. மலையகத்தில் மரம் விழுந்து கரண்ட் போவதற்குக் குரங்கும் தேவையில்லை. இரவு எட்டு மணிக்கு முதலாளி கடன் பட்டியலுக்குப் பிரின்ட் கொடுக்கிறார், கரண்ட் போகிறது, கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். காலையில் கடையைத் திறக்கும் பையன் சுவிட்சைப் போட்டதும், யாரும் கேட்காமலே பட்டியல் வெளியே வருகிறது. லொகின் தனியாக இருந்தாலும் இது நடக்கும். ஏனென்றால் வரிசை மெஷினுக்குரியது.

ஆகவே கரண்ட் போய் வந்ததும் முதல் வேலை, பிரின்டரைப் போடாமல் கணினியை மட்டும் போட்டு, முதலாளியின் லொகினில் ஓப்பன் பிரின்ட் கியூ என்பதைத் திறந்து, நிற்கும் வேலைகளைப் பார்த்து ரத்துச் செய்வது. பிரின்டரைப் பிறகு போடலாம். அட்வான்ஸ்ட் பகுதியில் அடித்து முடிந்த வேலைகளை வைத்திரு என்ற தெரிவு போடப்பட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

பாமினி எழுத்து ஆங்கிலமாக வந்தால்

தமிழில் பில்லோ அறிவித்தலோ எடுப்பவர்களுக்கு இது. பழைய கோவைகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் உள்ளன. 2018இன் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, எழுத்துருவை இன்ஸ்டோல் என்று சாதாரணமாகச் சேர்த்தால் அது சேர்த்த ஆளுக்கு மட்டுமே போய்ச் சேரும். முதலாளி லொகினில் "அரிசி" என்று வந்தது, கெஷியர் லொகினில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறியீடுகளாகவும் வரும். எழுத்துருக் கோவையின் மேல் மவுஸின் வலப்பக்கத்தை அழுத்தி, இன்ஸ்டோல் போர் ஓல் யூஸர்ஸ் என்பதைத் தெரிவுசெய்தால் எல்லோருக்கும் கிடைக்கும். லொகின் தனித்தனியாக இருப்பதில் இன்னொரு நன்மை, திரை மொழியும் விசைப்பலகையும்கூட ஆளுக்கு ஆள் வேறாக இருக்கலாம். சிங்களத்தில் வேலை செய்யும் பையனுக்குச் சிங்களம், மற்றவருக்குத் தமிழ்.

மென்பொருளைக் கேளுங்கள்

இத்தனையும் செய்த பிறகும் பில் பழைய பிரின்டருக்கே போனால், பில் மென்பொருளைப் பாருங்கள். பல மென்பொருள்கள் பிரின்டரின் பெயரைத் தமக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்கின்றன. சிலவற்றில் அது முழுக் கணினிக்கும் ஒன்றுதான், விண்டோஸில் ஆள் மாறினாலும் அவை கவனிப்பதில்லை. சில பழைய மென்பொருள்கள் எட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் இல்லாத லொகினில் திறக்கவே மாட்டா. புதிய மென்பொருள் வாங்குபவர்கள் விலை பேசுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ஸ்டான்டர்ட் லொகினில் ஓடுமா? ஒவ்வொரு ஆளுக்கும் வேறு பிரின்டரை நினைவில் வைக்குமா? விற்பவர் தலையைச் சொறிந்தால் செய்து காட்டச் சொல்லுங்கள்.

டிசம்பர் உந்துவப் போயாவிலிருந்து வெசாக் வரை, சிவனொளிபாதமலை, நம்மவர் சொல்லும் பாவா ஆதம் மலைக்கு ஆட்கள் வரும் பருவத்தில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் கடைகளில் மேலதிகமாக ஆள் வைப்பார்கள். நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்திலும் அப்படித்தான். அவர்களுக்குக் கெஷியரின் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், "பருவம் 1" என்று ஒரு ஸ்டான்டர்ட் லொகின் போடுங்கள். தேர்மல் பிரின்டர் மட்டும் அனுமதி, லேசரின் பட்டியலில் அந்தப் பெயர் வேண்டாம். பருவம் முடிந்து ஆள் போனதும் அதர் யூஸர்ஸ் பக்கத்தில் அந்த லொகினை நீக்கிவிடலாம். நீக்கும்போது அதில் சேமித்த கோவைகளும் சேர்ந்து அழியும் என்று கணினி எச்சரிக்கும். கடைக்குத் தேவையான பில்களோ பட்டியல்களோ அதில் இருந்தால் முதலில் வேறிடத்துக்குப் பிரதி எடுத்துக்கொண்டு, பிறகு அழுத்துங்கள்.